வானத்திற்கு ஆழம் உண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்மீன் கொத்துகளைப் பற்றியும் தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் பற்றியும் வந்த கடிதங்களுக்கே இம்முறை இந்தப் பகுதியை முழுமையாக ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் தொலைவைப் பற்றியே அமைந்திருந்தன. அது இயல்பானதுதான். வானம் நம் கண்ணுக்குக் கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உட்புறம் போலத் தெரிகிறது. அதில் பதிந்திருக்கும் ஒளிப்புள்ளிகளில் எது அருகில் இருக்கிறது, எது தொலைவில் இருக்கிறது என்பதைப் பார்வையால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆகவே பதில்களில் ஒரு தொலைவைக் குறிப்பிடும்போது, அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் இயன்றவரை சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். ஒரே வாயு முகிலில் ஒன்றாகப் பிறந்து, தம் ஈர்ப்பு விசையால் சேர்ந்திருக்கும் விண்மீன்களை இங்கே ‘கொத்து’ என்கிறேன். நமது பால்வீதியைப் போலக் கோடிக்கணக்கான விண்மீன்களைக் கொண்ட கேலக்ஸியை ‘மண்டலம்’ என்கிறேன். ரிஷபம், விருச்சிகம் போன்ற ராசிகள் இவை இரண்டிலும் சேராதவை. வெவ்வேறு தொலைவில் உள்ள விண்மீன்களை நம் முன்னோர் கற்பனைக் கோடுகளால் இணைத்து அமைத்த உருவங்களே அவை.

கேள்வி: கார்த்திகை நட்சத்திரத்தில் ஆறு விண்மீன்கள் என்று என் பாட்டி சொல்வார். என் மாணவி ஒருத்தி ஏழு என்கிறாள். உண்மையில் எத்தனை? அவை நிஜமாகவே ஒரு கூட்டமா, அல்லது பார்வைக்கு மட்டும் அப்படித் தெரிகின்றனவா? (ஓர் ஆசிரியை, பெரியகுளம்)

பதில்: உங்கள் பாட்டியும் மாணவியும் தாங்கள் கண்டதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். சங்க இலக்கியம் இதை ‘அறுமீன்’ என்றே அழைக்கிறது. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் அறுவரே. சாதாரணப் பார்வைக்கு ஆறு எளிதில் தெரியும். கூர்மையான பார்வை உடையவர்கள், நிலவில்லாத தெளிந்த இரவில், ஏழையும் அதற்கு மேலும் எண்ணிவிடுவார்கள். கலிலியோ தம் தொலைநோக்கி வழியாகக் கண்டு 1610-ஆம் ஆண்டு வெளியிட்ட படத்தில் 36 விண்மீன்களைக் குறித்திருந்தார். இன்றைய கணக்கின்படி இந்தக் கொத்தின் உறுப்பினர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

உங்கள் இரண்டாவது கேள்வி இதைவிட ஆழமானது. ஏறத்தாழ இதே கேள்வியை 1767-ஆம் ஆண்டு ஜான் மிஷெல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுப்பினார். வானெங்கும் விண்மீன்கள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொண்டால், இத்தனை பிரகாசமான விண்மீன்கள் இவ்வளவு சிறிய இடத்தில் வந்து சேர்வதற்கு என்ன வாய்ப்பு என்று அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ 5 லட்சத்தில் ஒன்று என்பது அவருக்குக் கிடைத்த விடை. எனவே இவை ஏதோ ஒரு காரணத்தால் ஒன்று சேர்ந்திருக்கின்றன என்று அவர் முடிவு செய்தார். ஒரு விண்மீனின் தொலைவைக்கூட யாரும் அளந்திராத காலத்தில், வெறும் நிகழ்தகவுக் கணக்கால் எட்டப்பட்ட முடிவு அது. பின்னர் வந்த அளவீடுகள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தின: இந்த விண்மீன்கள் வானில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன, நிறமாலைகளும் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவுகள்) அவை ஒரே வயதுடையவை என்றே காட்டுகின்றன. அந்த வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதாவது பூமியில் டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவை. விண்மீன்களின் கணக்கில் இது குழந்தைப் பருவம்.

கார்த்திகைக் கொத்தின் தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு). இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சர்ச்சை இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, மறுகண்ணை மூடிப் பார்த்தால், பின்னணியில் விரல் இடம் மாறித் தெரியும் அல்லவா? பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகிலுள்ள விண்மீன்களும் அதே போல மிகச் சிறிதளவு இடம் மாறித் தெரிகின்றன. உங்கள் மாணவர்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கும் ‘இடமாறு தோற்றம்’ இதுதான். இந்த முறையில் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்து 1997-இல் வெளியான தொலைவு 390 ஒளியாண்டு அளவில் இருந்தது. மற்ற முறைகள் எல்லாம் 430-க்கு மேல் காட்டின. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஹிப்பார்கஸ் சொன்னது சரியென்றால், இளம் விண்மீன்கள் எப்படி ஒளிர்கின்றன என்ற நம் புரிதலையே திருத்த வேண்டியிருந்திருக்கும். 2014-இல் வானொலித் தொலைநோக்கிகளின் துல்லியமான அளவீடும், அதன்பின் கையா செயற்கைக்கோளின் அளவீடும் 440-ஐயே உறுதி செய்தன. ஏற்றுக்கொண்ட எண்ணைக்கூட மீண்டும் மீண்டும் சோதிக்கும் இந்தப் பழக்கத்தை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கார்த்திகை அதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு.

கேள்வி: ரோகிணியும் ஒரு கொத்தின் உறுப்பினர் என்று படித்தேன். சரியா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: சரியன்று. ஆனால் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்த்திகைக்குச் சற்றுக் கிழக்கே, பழந்தமிழர் ‘சகடம்’ என்று அழைத்த பகுதியில், கவைக்கோல் போலப் பிரிந்து தெரியும் விண்மீன்கள் ஹயாடிஸ் என்ற கொத்தைச் சேர்ந்தவை. அதன் தொலைவு ஏறத்தாழ 150 ஒளியாண்டு. அந்தக் கவையின் ஒரு நுனியில் செம்மஞ்சளாக ஒளிரும் ரோகிணியோ 65 ஒளியாண்டில் இருக்கிறது. தெருவிளக்கு ஒன்று தொலைதூர மலைக்கிராமத்தின் விளக்குகளுக்கு நடுவே இருப்பதுபோலத் தோன்றுவதைப் போன்றதுதான் இதுவும்.

இன்னும் பெரிய இடைவெளியைக் காண விரும்பினால் கேட்டையைப் பாருங்கள். விருச்சிக ராசியின் நடுவில் சிவந்து தெரியும் அந்த விண்மீன் ஏறத்தாழ 550 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதற்கு மேற்கே, ஒன்றரைப் பாகைக்கும் குறைவான இடைவெளியில், பைனாகுலரில் பஞ்சுத் துகள் போல ஒரு மங்கல் தெரியும். எம்4 என்ற அந்தக் கொத்து ஏறத்தாழ 6,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. ஒரே பார்வைப் புலத்துக்குள் பதினோரு மடங்கு தொலைவு அடங்கிவிடுகிறது.

கேள்வி: சில கொத்துகள் சிதறலாகவும் சில பந்து போல நெருக்கமாகவும் இருப்பது ஏன்? பந்து போன்ற கொத்தை நம் ஊரிலிருந்து தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியுமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அறந்தாங்கி)

பதில்: முடியும், அதுவும் வானிலேயே மிகச் சிறந்த ஒன்றை. அதற்கு முன் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

கார்த்திகை போன்றவை திறந்த கொத்துகள். பால்வீதியின் தட்டையான வட்டில், வாயுவும் தூசியும் நிறைந்த பகுதிகளில், சில நூறு முதல் சில ஆயிரம் விண்மீன்களுடன் இவை பிறக்கின்றன. இவற்றின் ஈர்ப்புப் பிடி வலிமையற்றது. பால்வீதியைச் சுற்றிவரும்போது பெரும் வாயு முகில்களின் ஈர்ப்பும், மண்டலத்தின் ஒட்டுமொத்த ஈர்ப்பும் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுகின்றன. பெரும்பாலானவை சில கோடி முதல் சில நூறு கோடி ஆண்டுகளுக்குள் கரைந்து போகின்றன. நம் சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இத்தகைய ஒரு கூட்டத்தில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்; உடன்பிறந்தவை பால்வீதியெங்கும் பிரிந்து சென்றுவிட்டன.

பந்து போன்றவை கோளக் கொத்துகள். லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒரு மையத்தைச் சுற்றி மிக நெருக்கமாகத் திரண்டிருப்பதால் அவற்றின் பிடி எளிதில் தளர்வதில்லை. பெரும்பாலானவற்றின் வயது 1,100 முதல் 1,300 கோடி ஆண்டு; பால்வீதியின் வட்டு இன்றைய வடிவத்தைப் பெறுவதற்கு முன்பே தோன்றியவை. பால்வீதியில் இவை நூற்றைம்பதுக்கும் சற்று மேல் அறியப்பட்டுள்ளன. இவற்றின் பரவலில் ஒரு விந்தை உண்டு: பெரும்பாலானவை வானின் ஒரு பக்கத்தில், தனுசு, விருச்சிக ராசிகளின் திசையில் குவிந்திருக்கின்றன. அமெரிக்க வானியலர் ஹார்லோ ஷேப்லி இதைக் கவனித்தார். கொத்துகள் பால்வீதியின் மையத்தைச் சுற்றியே பரவியிருக்க வேண்டும், அப்படியானால் நாம் மையத்தில் இல்லை என்று 1918-இல் அவர் வாதிட்டார். அவர் கணித்த தொலைவு மிகையாக இருந்தது. ஆனால் திசை சரி. மையம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டில் தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. பூமி அண்டத்தின் நடுவில் இல்லை என்று கோப்பர்நிக்கஸ் காட்டியதைப் போல, சூரியனும் நடுவில் இல்லை என்பதைக் காட்டியவை இந்தக் கோளக் கொத்துகளே. இந்தக் கண்டுபிடிப்பு பொதுமக்களிடையே உரிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது ஒமேகா சென்டாரி. மே மாத நடுவில் இரவு 10 மணி அளவில் சித்திரை நட்சத்திரம் தென்வானில் உச்சத்தை அடையும். அதிலிருந்து நேர் கீழே, தென் அடிவானத்தை நோக்கிப் பார்வையை இறக்குங்கள். கையை நீட்டி மடக்கிய விரல்களைப் பிடித்தால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், ஓரங்கள் கலைந்த ஒரு மங்கலான விண்மீன் போல அது தெரியும். நகர வெளிச்சம் இல்லாத இடமாக இருப்பது அவசியம். பண்டைய வானியலர் தாலமி இதை விண்மீன் என்றே பட்டியலிட்டார். 1603-இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட பேயர் கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் பெயராக இட்டதும் விண்மீன் என்று கருதித்தான். இது விண்மீன் அல்ல என்பதை 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கவனித்தவர் எட்மண்ட் ஹாலி. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நமக்கோ முப்பது பாகை உயரத்தில் கிடைக்கிறது.

அந்தச் சிறு மங்கலில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உள்ளன. தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. சூரியனுக்கு அடுத்த விண்மீன் நாலேகால் ஒளியாண்டு தள்ளி இருக்க, இதன் மையத்தில் விண்மீன்களுக்கிடையே சராசரியாக ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. இது சாதாரணக் கோளக் கொத்து அல்ல, பால்வீதி விழுங்கிய ஒரு சிறு மண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2024-இல் வெளியான ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, மையத்தருகே ஏழு விண்மீன்கள் கொத்தை விட்டுத் தப்பிப் போகும் அளவு வேகத்தில் செல்வது தெரிந்தது. அவற்றைப் பிடித்துவைத்திருக்க, குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை அங்கே இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய கொத்துகளில் நீல நிற விண்மீன்கள் இருப்பதாகப் படித்தேன். நீலம் இளமையின் அடையாளம் அல்லவா? (சேலம்)

பதில்: ஆம், அதனால்தான் அவை புதிராக இருந்தன. நீல விண்மீன்கள் நிறை மிகுந்தவை; எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடுபவை. 1,000 கோடி ஆண்டு வயதான கொத்தில் அவை எஞ்சியிருக்கக் கூடாது. 1953-இல் எம்3 என்ற கோளக் கொத்தில் ஆலன் சாண்டேஜ் இத்தகையவற்றைக் கண்டார். இரட்டை விண்மீன்களில் ஒன்று தன் துணையிடமிருந்து பொருளை ஈர்த்துக்கொண்டோ, இரண்டும் ஒன்றாகக் கலந்தோ மீண்டும் நிறை பெறுகிறது என்பது இன்றைய விளக்கம். 2015-இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடைய குழுவினரும் என்ஜிசி 188 என்ற பழைய திறந்த கொத்தில் அத்தகைய ஒரு நீல விண்மீனுக்கு வெப்பம் மிகுந்த துணை ஒன்று இருப்பதை 2016-இல் காட்டினார்கள். பொருளைக் கொடுத்து மெலிந்த துணையின் எஞ்சிய உட்கருவே அது.

கேள்வி: மகனுக்காக 70 மி.மீ. தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் வண்ண வண்ணமான மண்டலங்களின் படங்கள். உள்ளே பார்த்தால் ஆண்ட்ரோமெடா சாம்பல் நிறப் புகையாகத் தெரிகிறது. தொலைநோக்கி பழுதா? (ஒரு தாய், ஓசூர்)

பதில்: பழுதில்லை. நீங்கள் ஆண்ட்ரோமெடாவைக் கண்டுபிடித்ததே பெரிய செய்தி; பலர் முதல் ஆண்டில் அதைக்கூடக் காண்பதில்லை. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்களுக்கு நிறைய ஒளி வேண்டும். மங்கலான ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. அதனால் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் மண்டலங்கள் பெரும்பாலும் சாம்பலாகவே இருக்கும். படங்களில் உள்ள வண்ணம், ஒளியை மணிக்கணக்கில் சேகரித்த கேமராவின் உழைப்பு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் இன்னொரு படி கூடுகிறது: அது பதிவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, நீண்ட அலைகளைச் சிவப்பாகவும் குறுகியவற்றை நீலமாகவும் மாற்றித் தருகிறார்கள். வரிசை மாறாமல் மொழிபெயர்ப்பதால் அதைப் பொய் என்று சொல்லக் கூடாது.

உருப்பெருக்கம் 500 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பது நடைமுறை வரம்பு. உங்கள் கருவிக்கு 140. ஆண்ட்ரோமெடாவுக்கு அதுவும் வேண்டாம், மிகக் குறைந்த உருப்பெருக்கத்தைத் தரும் கண்ணருகு லென்ஸையே பொருத்துங்கள். அந்த மண்டலம் வானில் ஆறு முழுநிலவுகளின் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. நாம் காண்பது அதன் நடுப்பகுதியை மட்டுமே. இருபது நிமிடம் இருளில் இருந்து கண்ணைப் பழக்கிவிட்டு, புகைத் துண்டை நேராக நோக்காமல் அதன் ஓரத்தை நோக்கச் சொல்லுங்கள். குச்சி செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் செறிந்திருக்கின்றன. ஓரப்பார்வையில் அந்தப் புகை சட்டென்று பெரிதாகும்.

வெறும் கண்ணால் தேட விரும்புவோருக்கும் வழி சொல்லிவிடுகிறேன். நவம்பர் நடுவில் இரவு 9 மணிக்கு, பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் சேர்ந்து தலைக்கு மேல் பெரிய சதுரமாக நிற்கும். சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்கி, வடகிழக்காக இரண்டாவது விண்மீன் வரை செல்லுங்கள். அங்கிருந்து வடக்கே திரும்பி இரண்டு மங்கலான விண்மீன்களைக் கடந்தால் அந்தப் புகை. பாரசீக வானியலர் அல் சூஃபி 964-ஆம் ஆண்டிலேயே இதைச் ‘சிறு மேகம்’ என்று குறித்துவைத்தார்.

கேள்வி: ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு என்கிறீர்கள். அங்கே யாரும் போகவில்லை, நாடாவை நீட்டி அளக்கவும் இல்லை. எப்படி நம்புவது? (நில அளவையர், தருமபுரி)

பதில்: நிலம் அளப்பவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆற்றின் அக்கரையில் உள்ள மரத்தின் தொலைவை, ஆற்றைக் கடக்காமலே அடிக்கோட்டையும் கோணங்களையும் கொண்டு நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். கார்த்திகைக்கு நாம் செய்ததும் அதுவே; பூமியின் சுற்றுப்பாதைதான் அடிக்கோடு. ஆனால் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அந்தக் கோணம் அளக்க முடியாத அளவு சிறுத்துவிடுகிறது. வேறு வழி வேண்டும்.

அந்த வழியைத் திறந்தவர் ஹென்ரியட்டா லீவிட். ஹார்வர்டு வான் ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டுகளில் பதிந்த விண்மீன்களின் பிரகாசத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது அவருடைய பணி. தென்வானில் உள்ள இரண்டு மெகல்லன் மேகங்களில் 1,777 மாறொளிர் விண்மீன்களை (பிரகாசம் மாறிக்கொண்டே இருப்பவை) அவர் அடையாளம் கண்டு 1908-இல் பட்டியலிட்டார். அவற்றுள் செஃபீடு என்ற வகை, விளக்கின் திரியை ஏற்றி இறக்குவதுபோல ஒரே கால ஒழுங்கில் கூடிக் குறையும். சிறிய மேகத்தில் உள்ள 25 செஃபீடுகளை ஆராய்ந்து 1912-இல் அவர் காட்டியது இதுதான்: எது பிரகாசமானதோ, அது மெதுவாகத் துடிக்கிறது. எல்லாம் ஒரே மேகத்தில், ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், பிரகாச வேறுபாடு தொலைவால் வந்ததாக இருக்க முடியாது. அது விண்மீனின் உண்மையான ஒளித்திறனே. ஆகவே துடிப்பின் காலத்தை அளந்தால் உண்மையான ஒளித்திறன் தெரியும். தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். தொலைவு இரு மடங்கானால் பிரகாசம் நான்கில் ஒன்றாகும் என்ற ஒரே விதி போதும்.

1923 அக்டோபரில் வானியலர் எட்வின் ஹபிள், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்தார். ஒரு புள்ளியை முதலில் நோவா (திடீரென்று ஒளி கூடும் விண்மீன்) என்று கருதித் தட்டில் ‘என்’ என்று எழுதியவர், அது துடிப்பதைப் பழைய தட்டுகளோடு ஒப்பிட்டு அறிந்ததும், அந்த எழுத்தை அடித்துவிட்டு ‘மாறொளிர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை வியப்புக்குறியுடன் எழுதினார். அந்தச் செஃபீடின் காலம் 31 நாள் சொச்சம். கணக்கு 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வீதிக்கு வெளியேயும் மண்டலங்கள் உண்டு என்பது அந்த ஒரு விண்மீனால் உறுதியானது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1920-இல், ஷேப்லியும் ஹீபர் கர்ட்டிசும் இதே கேள்வியை மேடையில் விவாதித்து முடிவு காணாமல் விட்டிருந்தார்கள். லீவிட் 1921-இலேயே காலமாகிவிட்டார். தம் அளவுகோல் எதை அளந்தது என்பதை அவர் அறியவில்லை.

9 லட்சம் எப்படி 25 லட்சமாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்ததால், மவுண்ட் வில்சன் வானம் மிக இருண்டிருந்தது. வால்டர் பாடே அதைப் பயன்படுத்தி ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துப் படமெடுத்தார். விண்மீன்களில் இரு தலைமுறைகள் உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது. செஃபீடுகளிலும் இரு வகைகள் உண்டு என்பதும், அவற்றை ஒன்றாகக் கலந்ததுதான் பிழை என்பதும் 1952-க்குள் தெளிவாயின. தொலைவு ஒரே முறையில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அடிக்கோட்டில் வரும் பிழை அளவை முழுவதையும் பாதிக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 2025 வரை இயங்கிய கையா செயற்கைக்கோள் நமக்கு அருகிலுள்ள செஃபீடுகளின் தொலைவை இடமாறு தோற்றத்தால் நேரடியாக அளந்து, அந்த அடிக்கோட்டையே சரிபார்த்துத் தந்தது. நீங்கள் திசை அறியப் பயன்படுத்தும் துருவ நட்சத்திரமும் ஒரு செஃபீடுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு துடிக்கிறது.

கேள்வி: வெறும் கண்ணால் காணும் விண்மீன்களில் ஏதாவது ஒன்று வேறு மண்டலத்தைச் சேர்ந்ததா? (எட்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. நீ தனித்தனியாகக் காணும் விண்மீன்கள் எல்லாமே பால்வீதியைச் சேர்ந்தவை. எப்போதாவது விதிவிலக்கு நேரும்: 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவா, சில மாதங்களுக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

கேள்வி: மிகத் தொலைவான மண்டலத்தின் ஒளி 1,350 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது என்கிறார்கள். அதே மண்டலம் 3,400 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகவும் எழுதுகிறார்கள். எது சரி? (வங்கி அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் சரி. ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் வெளியும் விரிந்துகொண்டே இருந்தது என்பதே காரணம். மாம்-இசட்14 என்ற மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு கண்டறியப்பட்டு 2025-இல் அறிவிக்கப்பட்டது. அண்டம் தோன்றி 28 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அதன் ஒளி புறப்பட்டது. அந்த நேரத்தில் அது நம்மிடமிருந்து 200 கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேல்தான் தள்ளி இருந்தது. ஆனால் இடையிலிருந்த வெளி விரிய விரிய, ஒளி ஓட வேண்டிய தூரமும் நீண்டுகொண்டே போனது. 1,350 கோடி ஆண்டுகள் கழித்து இங்கே வந்து சேர்ந்தது. இதற்குள் அந்த மண்டலம் இருந்த இடம் 3,400 கோடி ஒளியாண்டு அளவுக்கு விலகிவிட்டது. முதல் எண் காலத்தைச் சொல்கிறது, இரண்டாவது இன்றைய தொலைவை. பத்திரிகைகள் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் ஒன்றை மட்டும் எழுதுவதால்தான் குழப்பம்.

இந்த விரிவை நேரடியாகவே அளக்கலாம். ஹைட்ரஜன் வாயு 0.1216 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்துக்குக் குறைவான புற ஊதா ஒளியை விழுங்கிவிடுவதால், தொலைவான மண்டலத்தின் நிறமாலை அந்த இடத்தில் திடீரென்று அறுந்துவிடும். மாம்-இசட்14-இல் அந்த அறுபடும் இடம் ஏறத்தாழ 1.88 மைக்ரானில், அகச்சிவப்புப் பகுதியில் இருக்கிறது. 1.88-ஐ 0.1216-ஆல் வகுத்துப் பாருங்கள், பதினைந்தரை வரும். ஒளி புறப்பட்ட நாளிலிருந்து அண்டம் அத்தனை மடங்கு நீண்டிருக்கிறது.

‘இதுவரை காணாத தொலைவு’ என்ற தலைப்பைக் கண்டால், நிறமாலை எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். படத்தின் நிறத்தை மட்டும் வைத்து மதிப்பிடும் முறையும் உண்டு, அது தவறலாம். சீர்ஸ்-93316 என்ற மண்டலம் அண்டம் தோன்றி 25 கோடி ஆண்டுக்குள்ளானது என்று 2022-இல் பேசப்பட்டது. 2023-இல் நிறமாலை எடுத்தபோது, 120 கோடி ஆண்டு அளவு கழித்து வந்தது என்று தெரிந்தது.

கேள்வி: எல்லா மண்டலங்களும் விலகிச் செல்லும்போது ஆண்ட்ரோமெடா மட்டும் நம்மீது மோத வருகிறதா? (மதுரை)

பதில்: வெளியின் விரிவு பெருந்தொலைவில்தான் மேலோங்கும். அருகிலுள்ள மண்டலங்களை ஈர்ப்பு பிணைத்துவிடுகிறது. ஆண்ட்ரோமெடா நெருங்கி வருவதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-லேயே நிறமாலையால் கண்டார். பால்வீதியை நோக்கிய வேகம் நொடிக்கு 110 கிலோமீட்டர் அளவு. 400 முதல் 500 கோடி ஆண்டுகளில் மோதல் உறுதி என்று நெடுங்காலம் எழுதி வந்தோம். 2025-இல் வெளியான கணக்கீடுகள், அருகிலுள்ள மற்ற மண்டலங்களின் இழுப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான் என்கின்றன.

மோதினாலும் விண்மீன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டாம். சூரியனை மதுரையில் வைத்த ஒரு மிளகாக நினைத்துக்கொண்டால், அடுத்த விண்மீன் திருச்சியில் இருக்கும் இன்னொரு மிளகு.

கேள்வி: சரக்குக் கப்பலில் பணியாற்றும் என் அண்ணன், நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போகும்போது, காற்று அடித்தாலும் கலையாத இரண்டு வெண்மேகங்களை இரவில் கண்டதாகச் சொல்கிறார். அவை என்ன? (தூத்துக்குடி)

பதில்: அவர் கண்டவை மெகல்லன் மேகங்கள், பால்வீதிக்கு அருகிலுள்ள இரண்டு சிறு மண்டலங்கள். பெரியது ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டிலும் சிறியது 2 லட்சம் ஒளியாண்டிலும் உள்ளன. நீங்களும் பெரியதைக் காண முயலலாம். ஜனவரி இறுதியில் இரவு 9 மணிக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால் அகத்திய நட்சத்திரம் பிரகாசமாகத் தெரியும். அதற்குக் கீழே, சற்று வலப்புறமாக, இரண்டு முஷ்டி தள்ளிப் பாருங்கள். அடிவானத்திலிருந்து 12 பாகைதான் உயரம் என்பதால், கடல்மூட்டம் இல்லாத, நிலவற்ற இரவு அமைய வேண்டும். படகுகளின் விளக்கொளியும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.

உங்கள் அண்ணனிடம் அடுத்த பயணத்தில் பைனாகுலர் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். தருமபுரி வாசகருக்கு எழுதிய பதிலில் வரும் லீவிட்டின் 25 விண்மீன்கள் இருப்பது அந்தச் சிறிய மேகத்தில்தான். அதை ஒட்டினாற்போல, மங்கலான விண்மீன் போல ஒரு புள்ளி கண்ணுக்குத் தெரியும்; பைனாகுலரில் அது பந்தாகத் திரண்டிருக்கும். 47 டுகானே என்ற கோளக் கொத்து அது. மேகத்துக்குள் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் ஏறத்தாழ 15,000 ஒளியாண்டில், நம் பால்வீதியிலேயே இருக்கிறது. மேகம் அதற்குப் பின்னால், பதின்மூன்று மடங்கு தள்ளி இருக்கிறது.